98 சதவீதத்தைக் கண்டு மயங்காமல்: கல்வித் தரவில் மெஷின் லேர்னிங் ஆய்வு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கோவையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் பஸ் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், கல்லூரிப் பெயர்ப்பலகைகளை எண்ணியே பொழுது போய்விடும். அந்தக் கல்லூரிகள் பலவற்றில் வருடத்துக்கு ஒரு குழுவாவது மெஷின் லேர்னிங் (பழைய தரவிலிருந்து கம்ப்யூட்டரே கற்றுக்கொண்டு கணிக்கும் முறை) கொண்டு மாணவர் தேர்ச்சியைக் கணிக்கிறேன் என்று ப்ராஜெக்ட் எடுக்கிறது. வைவா நாளில் கடைசி ஸ்லைடில் 98 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்த ஊர் மாணவர்கள் என்று கேட்டால் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். விடை பெரும்பாலும் போர்ச்சுகல்.

நான் ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். முதுகலை மாணவர்களுக்கு கைடாகவும் இருக்கிறேன். என் பிஎச்.டி.யும் இந்தத் துறைதான் என்பதால், கீழே சொல்லும் தப்புகளில் பாதி நான் செய்தவை. பைத்தான் ஓரளவு தெரிந்த, அடுத்த வருடம் ஆய்வு தொடங்கப்போகும் ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: கேள்வியை ஆசிரியரிடமிருந்து வாங்குங்கள்

ஆரம்பத்தில் நான் போட்ட திட்டம் எளிது. அரசுப் பள்ளியில் யார் யார் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு பட்டியல் கொடுப்பது. அதைத் தூக்கிக்கொண்டு காங்கேயம் பக்கம் ஒரு பள்ளித் தலைமையாசிரியையிடம் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பேரெல்லாம் எனக்கே தெரியுமுங்க சார். ஒன்பதாவதுல யாரு நின்னுக்குவான்னு இப்பவே சொல்லிப்போடுவேன். எப்ப நிப்பான்னு உங்க கம்ப்யூட்டரு சொல்லுமுங்களா? ஒரு மாசம் முன்னால தெரிஞ்சா அவங்க ஊட்டுக்குப் போயிப் பேசிப்போடலாம்.”

என் ஆய்வுத் தலைப்பு அன்றைக்கு மாறியது. ‘யார்’ என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். ‘எப்போது’ என்பதுதான் நாற்பது பேர் வகுப்பை வைத்துக்கொண்டு அவரால் கண்காணிக்க முடியாதது. திருப்பூர்ச் சுற்று வட்டாரத்தில் தீபாவளி ஆர்டர் சமயத்தில் பையன் செக்கிங், பேக்கிங் என்று பனியன் கம்பெனிக்குப் போவான். முதலில் சனிக்கிழமை மட்டும். அப்புறம் வெள்ளியும் சேரும். அந்த நகர்வு வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை.

ஆகவே தலைப்பு எழுதும் முன் மூன்று பேரிடமாவது பேசுங்கள். பேசும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: இது முன்கூட்டியே தெரிந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்று பதில் வந்தால், எவ்வளவு நல்ல மாடலாக இருந்தாலும் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: முன்னால் நடந்தவர்களின் தடம்

இந்தத் துறையில் வேலைகள் பெரும்பாலும் சில வகைக்குள் அடங்கும்: யார் பின்தங்குவார் என்று கணிப்பது, ஒரு மாணவருக்கு ஒரு பாடக்கருத்து புரிந்துவிட்டதா என்று ஊகிப்பது, விடைத்தாளுக்குத் தானாக மதிப்பெண் போடுவது, அடுத்து எந்தக் கணக்கைக் கொடுக்கலாம் என்று தேர்ந்தெடுப்பது. இப்போது உரையாடும் மொழி மாடல்களைப் பாடம் சொல்லித்தர வைப்பதும் சேர்ந்துவிட்டது.

இரண்டாவது வகையை நன்றாகப் படியுங்கள். அதில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கார்பெட், ஆண்டர்சன் இருவரும் 1990களின் நடுவில் வெளியிட்ட பேயசியன் நாலெட்ஜ் டிரேசிங் முறைக்கு நான்கே எண்கள் போதும்: மாணவருக்கு முன்பே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒவ்வொரு முயற்சியிலும் புதிதாகக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, தெரியாமலே குத்துமதிப்பாகச் சரியாகப் போடும் வாய்ப்பு, தெரிந்தும் கைதவறிப் பிழையாகும் வாய்ப்பு.

நம் பத்தாம் வகுப்புக் கேள்வித்தாளின் ‘சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக’ பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு விடைகளில் ஒன்று, அதனால் குத்துமதிப்பு 0.25. முன்பே தெரிந்திருப்பது 0.40, கைதவறுவது 0.10, கற்றுக்கொள்வது 0.15 என்று வைத்துக்கொள்வோம். மாணவி சரியாக விடை போட்டால், உண்மையிலேயே தெரிந்து போட்ட வாய்ப்பு 0.40 × 0.90 = 0.36. தெரியாமல் போட்ட வாய்ப்பு 0.60 × 0.25 = 0.15. 0.36ஐ 0.51ஆல் வகுத்தால் சுமார் 0.71. அந்த முயற்சியில் கற்றதையும் சேர்த்தால் 0.75. தப்பாகப் போட்டிருந்தால் இதே கணக்கு 0.22இல் வந்து நிற்கும். ஒரே ஒரு விடையில் 0.40 என்ற நம்பிக்கை 0.75க்கு ஏறுகிறது அல்லது 0.22க்கு இறங்குகிறது. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். ஆசிரியருக்கு வெள்ளைத்தாளில் விளக்கிக் காட்டக்கூடிய மாடல் இது, அந்தக் குணத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

2015இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து டீப் நாலெட்ஜ் டிரேசிங் வந்தது. அது பயன்படுத்திய நியூரல் நெட்வொர்க் (பல அடுக்குக் கணக்கில் ஓடும் பெரிய மாடல்) பழைய முறையைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. அடுத்த வருடமே இரண்டு குழுக்கள் தோண்டிப் பார்த்தன. பழைய முறைக்குச் சில சின்னச் சேர்க்கைகள் செய்தால் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்துவிடுகிறது என்றது ஒன்று. ஒப்பிடப் பயன்பட்ட, அசிஸ்ட்மென்ட்ஸ் என்ற இணையவழிக் கணிதப் பயிற்சித் தளத்தின் டேட்டாசெட்டில் ஒரே பதிவு பலமுறை வந்திருந்ததால் முடிவுகள் ஊதிப்போயிருந்தன என்றது மற்றொன்று. உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்துக்கே இந்த நிலை என்றால் நம் எக்செல் ஷீட்டை எத்தனை தடவை சரிபார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே படிப்பது? கல்வித் தரவு அகழ்வுக்கென்றே 2008 முதல் நடக்கும் சர்வதேச மாநாட்டின் கட்டுரைகள் இணையத்தில் இலவசம். கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளின் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தாலே, எது அரைத்த மாவு என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: டேட்டா

போர்ச்சுகல் கதையை இங்கே முடித்துவிடுகிறேன். கோர்டெஸ், சில்வா என்ற இரு ஆய்வாளர்கள் அந்நாட்டின் இரண்டு பள்ளிகளில் திரட்டி 2008இல் வெளியிட்ட டேட்டாசெட் அது. கணிதத்துக்கு 395 மாணவர்கள், போர்ச்சுகீசிய மொழிப் பாடத்துக்கு 649. வார நாளில் எவ்வளவு மது, வாரக் கடைசியில் எவ்வளவு மது என்று இரண்டு காலங்கள் (அட்டவணையின் ‘column’கள்) உண்டு. காதல் உண்டா இல்லையா என்பதும் ஒரு காலம். இதை வைத்து மாடல் போட்டுவிட்டு, முடிவுரையில் ‘நம் கிராமப்புற மாணவர்களுக்கு இது பெரிதும் உதவும்’ என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: அதில் முதல் பருவ, இரண்டாம் பருவ மதிப்பெண்களும் இருக்கின்றன. இரண்டாம் பருவ மதிப்பெண்ணை வைத்து இறுதி மதிப்பெண்ணைக் கணிக்க மெஷின் எதற்கு? அரையாண்டுத் தாளைப் பார்த்து எந்த வகுப்பாசிரியரும் சொல்லிவிடுவார். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் கணிப்பது கடினம் என்று டேட்டாவை வெளியிட்டவர்களே எழுதியிருக்கிறார்கள். யாரும் அதுவரை படிப்பதில்லை.

பழகிப் பார்க்கப் பொது டேட்டாசெட் நல்லதுதான். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2017இல் விவரித்து வெளியிட்டதில் 32,593 மாணவர் பதிவுகளும், அவர்கள் இணையப் பாடத்தில் எதை எப்போது சொடுக்கினார்கள் என்பது ஒரு கோடி வரிகளுக்கு மேலும் இருக்கின்றன. இரண்டு மாதம் அதில் கைப்பழக்கம் எடுங்கள். ஆய்வை மட்டும் நம் ஊர்த் தரவில் செய்யுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

நம் ஊர்த் தரவு கிடைக்கும் இடங்கள்: கல்லூரியின் சொந்த வருகைப்பதிவும் உள்மதிப்பீட்டு மதிப்பெண்களும், நீங்களே நடத்தும் பயிற்சித் தேர்வுகள், அனுமதி கிடைத்தால் பள்ளிப் பதிவேடுகள். நான் ஆறு பள்ளிகளில் தொடங்கி மூன்றில் முடித்தேன். மற்ற மூன்றில் பதிவேடு இருந்தது, நிரப்பியிருக்கவில்லை.

நான்காம் படி: அனுமதி

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதைத் தாண்டாமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள். அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துபூர்வ அனுமதி, தனியார் பள்ளி என்றால் தாளாளரின் கடிதம், பல்கலைக்கழக எதிக்ஸ் கமிட்டியின் ஒப்புதல், பெற்றோர் சம்மதம்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தை. முதலாமாண்டுக் கல்லூரி மாணவர்களில் பலருக்கு 17தான் என்பதை மறந்துவிடுகிறோம். ஆய்வுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கவில்லை என்றால்தான் அந்த விலக்கு. ‘எட்டாம் வகுப்பு பி பிரிவு, இந்தப் பெண்’ என்று பட்டியல் தரும் நாளில் நீங்கள் விலக்குக்கு வெளியே வந்துவிடுகிறீர்கள். கைடோடு உட்கார்ந்து இந்த வரியைப் பேசி முடித்துவிடுங்கள்.

சம்மதப் படிவத்தை அரசாணைத் தமிழில் எழுதாதீர்கள். திருப்பூரில் ஒடிசா, பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பெயரையும் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்) அழித்துவிட்டால் அடையாளம் போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். வகுப்பில் ஒரே ஒரு ஒடியா பேசும் மாணவி இருந்தால், ‘தாய்மொழி: ஒடியா, பாலினம்: பெண்’ என்ற இரண்டு காலங்களே அவள் பெயர்தான். ஒரே மாதிரி விவரம் உள்ளவர்கள் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தக் காலத்தின் வகைகளைச் சேர்த்து ஒன்றாக்குங்கள் அல்லது காலத்தையே நீக்குங்கள்.

ஐந்தாம் படி: சுத்தம் செய்தல்

மொத்த ஆய்வுக் காலத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் போகும். போகட்டும்.

பழைய கோப்புகள் பாமினியிலோ வானவில் எழுத்துருவிலோ இருக்கும். யூனிகோடுக்கு மாற்றினால் மட்டும் போதாது. ‘கொ’ என்ற எழுத்தின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ‘கொடுமுடி’ என்று ஒரே ஊர் இரண்டு ஊராக என் டேபிளில் மூன்று வாரம் இருந்தது. பைத்தானில் யூனிகோட் நார்மலைசேஷன் (இரு வடிவையும் ஒன்றாக்குவது) ஒரே வரியில் இதைத் தீர்க்கும். எடுத்த எடுப்பிலேயே அதைச் செய்துவிடுங்கள்.

அப்புறம் பெயர்கள். இரண்டு பதிவேடுகளைப் பெயர் வைத்து இணைக்கப் பார்த்தேன். கொங்குப் பக்கத்தில் அப்பா பெயர் பழனிசாமி என்று ஒரே பள்ளியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பொருந்தினால் மட்டும் இணையுங்கள். மிச்சத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கையால் பாருங்கள்.

இப்போது நான் வாங்கிய பெரிய அடி. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விடுபவர்களைக் கணிக்க ஒரு மாடல் போட்டேன், 97 சதவீதம் வந்தது. இரண்டு நாள் தரையில் கால் படவில்லை. மூன்றாம் நாள் எந்தக் காலம் அதிகம் உதவுகிறது என்று பார்த்தால், நூலகப் பாக்கி. பாக்கியே இல்லாதவன் படிப்பை விடுகிறானாம்! யோசித்தால் விஷயம் வெட்கக்கேடு. டி.சி. வாங்கிப் போகிறவன் நூலகத்தில் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கித்தானே ஆக வேண்டும்? அவன் போன பிறகு உண்டான விவரத்தை வைத்து அவன் போவதைக் ‘கணித்திருக்கிறேன்’. இதை டேட்டா லீக்கேஜ் என்பார்கள். தப்பிக்க ஒரு வழி: கணிக்கும் நாளை முதலில் முடிவு செய்யுங்கள். செப்டம்பர் 30 என்றால், ஒவ்வொரு காலத்தின் தலையிலும் ‘இது செப்டம்பர் 30 அன்று எனக்குத் தெரியுமா?’ என்று கேளுங்கள். தெரியாது என்றால் வெட்டுங்கள்.

ஆறாம் படி: மாடல்

பைத்தானின் ஸைகிட்-லேர்ன் நிரல் நூலகத்தில் முதலில் ஒன்றும் செய்யாத மாடல் (எல்லோருக்கும் ஒரே பதில் சொல்வது), அப்புறம் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு எடை கொடுத்துக் கூட்டுவது), அப்புறம் ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் ஓட்டெடுப்பு). சில நூறு வரிகளே இருக்கும் நம் தரவுக்கு இதற்கு மேல் போக வேண்டிய அவசியம் அபூர்வம். இணையத்திலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் கோலாபில் இலவசமாகவே ஓடும். டீப் லேர்னிங் இருந்தால்தான் கட்டுரை எடுபடும் என்று யாராவது சொன்னால், அவர் எந்த இதழைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

மாடல் கற்கப் பயிற்சிப் பகுதி, அதைச் சரிபார்க்கச் சோதனைப் பகுதி என்று டேட்டாவைப் பிரிப்பதில் கவனம் வேண்டும். வரிகளைக் குலுக்கிப் பிரித்தால் ஒரே மாணவனின் ஜூலை வரி பயிற்சியிலும் ஆகஸ்ட் வரி சோதனையிலும் விழும். மாடல் அவனை மனப்பாடம் செய்துகொள்ளும். மாணவர்வாரியாகப் பிரியுங்கள். முடிந்தால் போன வருடத்தில் பயிற்சி, இந்த வருடத்தில் சோதனை. இன்னும் துணிச்சல் இருந்தால் ஈரோடு நகரப் பள்ளிகளில் பயிற்சி கொடுத்துவிட்டுத் தாளவாடியில் சோதித்துப் பாருங்கள். மலைமேல், வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகளிடம் உங்கள் எண் எவ்வளவு இறங்குகிறது என்பதே ஒரு நல்ல கட்டுரை.

ஏழாம் படி: அளப்பது

200 மாணவர்களில் 12 பேர் படிப்பை நிறுத்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘யாரும் நிறுத்த மாட்டார்கள்’ என்று கண்ணை மூடிச் சொன்னால் அக்யூரசி (மொத்தத்தில் சரியாகச் சொன்ன பங்கு) 94 சதவீதம். உங்கள் மாடல் 25 பேரைச் சுட்டுகிறது, அதில் 8 பேர் உண்மையிலேயே நிறுத்தியவர்கள். அக்யூரசி 89.5தான், சும்மா இருந்ததைவிடக் குறைவு! ஆனால் பன்னிரண்டில் எட்டைப் பிடித்திருக்கிறது. ரீகால் (நிறுத்தியவர்களில் பிடிபட்ட பங்கு) 67 சதவீதம், பிரிசிஷன் (சுட்டியவர்களில் உண்மையிலேயே நிறுத்திய பங்கு) 32 சதவீதம். நல்லதா கெட்டதா என்பதைக் கணக்கு சொல்லாது. 25 வீட்டுக் கதவைத் தட்ட வகுப்பாசிரியருக்கு நேரம் இருக்கிறதா என்பதுதான் சொல்லும். அதனால் அக்யூரசியை மட்டும் போட்டு வரும் அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சராசரியோடு நிற்காமல் ஆண், பெண், ஊர், தாய்மொழி என்று பிரித்துப் பாருங்கள். கொரோனாவால் 2020இல் பிரிட்டனில் பள்ளியிறுதித் தேர்வு நடக்கவில்லை. பள்ளியின் முந்தைய வருடச் சாதனையையும் சேர்த்து ஒரு அல்காரிதம் கிரேடு போட்டது. இங்கிலாந்தில் ஆசிரியர்கள் மதிப்பிட்ட கிரேடுகளில் ஏறக்குறைய 40 சதவீதம் கீழே இறங்கின. பின்தங்கிய பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை, தன் பள்ளியின் பழைய கணக்குக்காக அடி வாங்கியது. மாணவர்கள் தெருவில் இறங்கவே, ஆகஸ்ட் 17 அன்று அதைக் கைவிட்டார்கள். அதே வருடம் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்குக் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களிலிருந்து 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம் என்று போட்டார்கள். அதிலும் குறை சொல்ல இடம் உண்டு. ஆனால் எந்தப் பெற்றோரும் பேப்பரும் பேனாவும் எடுத்துச் சரிபார்த்துவிட முடிந்தது.

தமிழ் விடைத்தாள் திருத்துவதை எடுத்தவர்களுக்கு

எல்லிஸ் பேஜ் 1960களிலேயே அமெரிக்காவில் கட்டுரைக்குக் கம்ப்யூட்டர் மூலம் மதிப்பெண் போட்டுப் பார்த்தார். கட்டுரையின் நீளம் போன்ற வெளி அடையாளங்களை வைத்தே அந்த முறை ஓடியது. அதே பொறி இன்னும் இருக்கிறது. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இரண்டு பக்கம் நிரப்பப் பழக்கப்பட்ட பிள்ளைகளின் தாள்களில் பயிற்சி கொடுத்தால், மாடல் பக்கத்தை எண்ணக் கற்றுக்கொள்ளும். அரைப் பக்கத்தில் சரியாக எழுதிய விடைகள் இருபதைத் தனியே எடுத்து வைத்துச் சோதியுங்கள்.

தமிழில் ஒரு சொல்லோடு வேற்றுமை, பன்மை, உம் எல்லாம் ஒட்டிக்கொள்வதால் சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் முறை சறுக்கும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்று இலவசமாகத் தரும் மாடல்களிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகள் எழுத்தில் வட்டார வழக்கும் வரும். ‘ஒறம்பரை வந்தாங்க’ என்று எழுதிய விடைக்கு மாடல் பூஜ்யம் போடும், நம் ஊர் ஆசிரியர் உறவினர் என்று புரிந்துகொண்டு மதிப்பெண் தருவார். ஒரே விடையை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்தட்டும். அவர்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் கப்பா அளவில் (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கும் எண்) போட்ட பிறகே மாடலை அதோடு ஒப்பிடுங்கள். ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்துவராத இடத்தில் மாடலைக் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

வெளியிடுவது

‘மூன்றே நாளில் பிரசுரம், கட்டணம் மட்டும் அனுப்புங்கள்’ என்று வரும் மெயிலை அழித்துவிடுங்கள். யுஜிசி, தரமான இதழ்கள் என்று தான் வைத்திருந்த கேர் பட்டியலை 2025 தொடக்கத்தில் கைவிட்டுவிட்டது, இதழை எடைபோடும் பொறுப்பு இப்போது உங்கள் தலையிலும் கைடு தலையிலும்தான். நிரலை வெளியிடுங்கள், பிள்ளைகளின் தரவை வெளியிடாதீர்கள். கிடைக்காத முடிவையும் எழுதுங்கள்.

கடைசிப் படி: பள்ளிக்குத் திருப்பிக் கொடுப்பது

நான் முதலில் ஒரு டேஷ்போர்டு (முடிவுகளைத் திரையில் காட்டும் பக்கம்) செய்து கொடுத்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் இருந்தது. பாஸ்வேர்டை மறந்துவிட்டார்கள், ஒரு மாதம் யாரும் திறக்கவில்லை. அப்புறம் ஒரு தாளுக்கு இறங்கினேன். திங்கட்கிழமை காலை, ஐந்து பெயருக்கு மேல் இல்லை. பெயருக்கு எதிரே காரணம் ஒரு வரி: ‘கடந்த நான்கு வாரமாக வெள்ளிக்கிழமை வரவில்லை.’ சதவீதம் எதுவும் போடவில்லை. ஓரத்தில் ஆசிரியர் எழுத ஒரு காலி இடம்.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை அந்தத் தலைமையாசிரியை தாளை வாங்கிப் பார்த்தார். மூன்று பெயருக்கு நேராக ‘நேரில் பார்க்க’ என்று எழுதினார். மற்ற இரண்டையும் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, “இவனுக ரெண்டு பேரும் காவடி எடுத்துட்டுப் பழனிக்கு நடந்து போயிருக்கானுங்க சார். பூசம் முடிஞ்சா வந்துருவானுங்க” என்றார். அன்று மாலையே டேபிளில் ‘கோயில்’ என்று ஒரு காலம் சேர்த்தேன்.